பையருக்கு மெயில் எழுதுவது எப்படி: திருப்பூரில் புதிதாகச் சேர்ந்த மெர்சண்டைசருக்கு

பனியன் கம்பெனியில் மெர்சண்டைசராக, அதாவது பையரின் (ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனத்தின்) ஆர்டரை ஆரம்பம் முதல் முடிவு வரை கவனிப்பவராகச் சேர்ந்த இரண்டாவது மூன்றாவது நாளிலேயே மேனேஜர் ஒரு மெயிலைக் காட்டி, "இந்த ஜெர்மனி பையருக்கு ஒரு ரிப்ளை போட்டுடுங்க" என்பார். தமிழ் வழியில் படித்து வந்தவராக இருந்தால் அந்த நிமிடம் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. நாலு வரி மெயிலுக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அகராதி பார்த்தேன், இலக்கணம் சரிபார்த்தேன், மரியாதையாக ஆரம்பித்து மரியாதையாக முடித்தேன். பையரிடமிருந்து வந்த பதில் ஒரே ஒரு கேள்வி: எந்தத் தேதி?

நான் தேதியே எழுதவில்லை. அதைத் தவிர எல்லாம் எழுதியிருந்தேன்.

இந்த வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் எது என்று அன்றுதான் புரிந்தது. ஜெர்மனி, ஸ்பெயின், டென்மார்க் பையர்களுக்கும் நம்மைப் போலவே ஆங்கிலம் பள்ளியில் படித்த மொழிதான். நம் இலக்கணத்துக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை. எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், எந்தத் தேதி, யார் செய்யப் போகிறார்கள் என்ற நான்கும் மெயிலில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இந்த நான்கையும் கேள்விக்கு இடமில்லாமல் எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி மொழியைவிட நம் பழக்கத்தைப் பற்றியது. கொங்குப் பக்கத்தில் யாரிடமும் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வதில்லை. "பாத்துக்கலாங்க", "பண்ணிடலாங்க" என்போம். கேட்பவரும் நம்மூர்க்காரர் என்பதால் குரலை வைத்தே இது நடக்குமா நடக்காதா என்று கணித்துவிடுவார். அதையே "நோ ப்ராப்ளம், வீ வில் டூ" என்று மெயிலில் எழுதினால் குரல் போய்விடுகிறது, வாக்குறுதி மட்டும் நிற்கிறது. பையர் அதை நம்பி விற்பனைத் தேதி குறிப்பார், கடைகளில் ரேக் ஒதுக்குவார். பிறகு நடக்கவில்லை என்றால், நாம் பொய் சொன்னதாகத்தான் அவருக்குத் தோன்றும். நாம் மரியாதைக்காகச் சொன்னது அவருக்குத் தெரியாது.

முதலில் பையரின் சொற்களைப் படியுங்கள்

பதில் எழுத உட்காரும் முன் அந்த ஆர்டரின் பிஓவையும் (பர்ச்சேஸ் ஆர்டர்) டெக் பேக்கையும் (அளவு, துணி, தையல் விவரங்கள் கொண்ட தாள்கள்) ஒரு முறை முழுதாகப் படியுங்கள். அதில் பையர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறாரோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவர் "நெக் ரிப்" என்றால் நீங்களும் நெக் ரிப். "காலர்" என்று மாற்ற வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் குறை சொல்வார்கள். இங்கே ஒரு பொருளுக்கு மெயில் முழுவதும் ஒரே சொல் இருப்பதுதான் நல்ல எழுத்து.

உடைகளின் பெயரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்க ஆங்கிலமும் பிரிட்டிஷ் ஆங்கிலமும் முட்டிக்கொள்கிற இடம் அது. அமெரிக்கருக்கு "பேண்ட்ஸ்" என்றால் முழுக்கால் சட்டை, பிரிட்டன்காரருக்கு அது உள்ளாடை. பிரிட்டனில் "வெஸ்ட்" என்றால் நம் கையில்லாத பனியன், அமெரிக்காவில் கோட்டுக்குள் போடும் வெயிஸ்ட்கோட். "ஜம்பர்" பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத கவுன். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது "போலோ நெக்" என்ற சொல்லில். நமக்குப் போலோ என்றாலே காலரும் பட்டன் பட்டியும்தான் நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் பையர் போலோ நெக் என்று எழுதினால் கழுத்தை மூடி மடிந்து நிற்கும் உயரமான நெக், அதாவது அமெரிக்கர் டர்டில்நெக் என்பது. எனவே ஸ்டைல் பெயரை மட்டும் எழுதாமல் ஸ்கெட்சையும் மெயிலில் இணைத்துவிடுங்கள். படத்துக்கு அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம் என்ற வேறுபாடு கிடையாது.

நிறத்தைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் தேவை. "ஷேடு கொஞ்சம் டல்லா இருக்கு" என்று சாயப்பட்டறையில் சொன்னால் டையிங் மாஸ்டருக்குப் புரியும். பையரின் கலர் டீமுக்கு எந்தப் பக்கம் விலகுகிறது என்று சொல்ல வேண்டும்: ரெடர், யெல்லோவர், டார்க்கர், லைட்டர். எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65 (D65), கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 (TL84) என்பவைதான் ஐரோப்பிய ஆர்டர்களில் பொதுவாகக் கேட்கப்படுபவை. ஒரு வெளிச்சத்தில் பொருந்தும் ஷேடு இன்னொன்றில் விலகும் என்பதால் இது சின்ன விவரமில்லை.

சப்ஜெக்ட் வரி, பெயர், முதல் வாக்கியம்

பையர் ஒரு நாளில் பல நாட்டு சப்ளையர்களின் மெயில்களைப் பார்க்கிறார். "ரிகார்டிங் சாம்பிள்" என்ற சப்ஜெக்ட் அவருக்கு எதையும் சொல்லாது. இப்படி எழுதுங்கள்: "பிஓ 4512 / ஸ்டைல் 207 / லேப் டிப் அப்ரூவல் நீடட் பை 12 ஜூன்". லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் சாயமிட்ட சிறு துணி மாதிரி. மெயிலைத் திறக்காமலே என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு மெயிலில் ஒரு ஸ்டைல், ஒரு விஷயம். லேப் டிப்பையும் பேமெண்டையும் ஒரே மெயிலில் கலந்தால் ஒன்றுக்குப் பதில் வரும், இன்னொன்று அப்படியே கிடக்கும்.

"ரெஸ்பெக்டட் சார்" வெளிநாட்டில் வழக்கமில்லை. பெயர் தெரியும்போது "டியர் சார் ஆர் மேடம்" என்று எழுதினால், பொதுவாக எல்லோருக்கும் அனுப்பும் சுற்றறிக்கை போல இருக்கும். ஜெர்மன் பையருக்கு முதல் மெயில் என்றால் மிஸ்டர் அல்லது மிஸ் (Ms) போட்டுக் குடும்பப் பெயர். அவரே முதல் பெயரில் கையெழுத்திட்டுப் பதில் போட்டால் அடுத்த மெயிலிலிருந்து நீங்களும் முதல் பெயர். ஆணா பெண்ணா என்று தெரியவில்லையா, முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள்.

நம் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அலுவலக மெயிலில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிடுகிறார்கள். பையர் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, மாதக்கணக்கில் உங்களை அப்பா பெயராலேயே அழைப்பார். கையெழுத்துப் பகுதியில் உங்களை எப்படி அழைக்க வேண்டுமோ அந்தப் பெயரைத் தனியாக, முதலில் எழுதுங்கள்.

முதல் வாக்கியத்திலேயே வந்த காரியத்தைச் சொல்லிவிடுங்கள். "ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்று ஆரம்பிப்பது தப்பில்லை, ஆனால் அதற்கு அடுத்த வரியில் விஷயம் இருக்க வேண்டும். நாம் ஊர்ப்பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் மழை தண்ணி விசாரித்துவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்றுதான் வந்த விஷயத்தைச் சொல்வோம். மெயிலிலும் அந்த வழக்கம் வந்துவிடுகிறது: கேட்க வேண்டியது கடைசி வரியில் போய் உட்கார்ந்துவிடும். போனில் படிக்கும் பையர் அதுவரை வருவதே இல்லை.

தேதியும் எண்ணும்

கை நடுங்க வேண்டிய இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 05/06 என்றால் நமக்கும் பிரிட்டனுக்கும் ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. ஒரு மாத வித்தியாசம், ஒரு கப்பல் போய்விடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், எப்போதும். "நெக்ஸ்ட் ஃப்ரைடே" வேண்டாம். வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று சொந்த மொழிக்காரர்களே குழம்புகிற சொல் அது.

ஜெர்மனியும் டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளும் டெலிவரியை வார எண்ணில் சொல்வார்கள். "வீக் 40" என்றால் வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் வாரம் 1. இந்தக் கணக்கில் 2026-இன் 40-ஆவது வாரம் செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 4 வரை. பதிலில் "வீக் 40, 28 செப்டம்பர் டு 4 அக்டோபர்" என்று இரண்டையும் எழுதுங்கள். அந்த வாரத்தில் எது நடக்க வேண்டும், சரக்கு நம் ஃபேக்டரியை விட்டுக் கிளம்புவதா, தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதா, அவருடைய கிடங்குக்குப் போய்ச் சேருவதா என்பதையும் கேட்டுவிடுங்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய்க் கப்பல் மாறிப் போகும் சரக்குக்கு இவற்றுக்கிடையே பல வாரங்கள் ஓடிவிடும்.

எண்ணில் காற்புள்ளியும் புள்ளியும் இடம் மாறும். ஜெர்மன், ஸ்பானிஷ் பையர் 1.250 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது பீஸ். 2,85 என்றால் இரண்டு யூரோ எண்பத்தைந்து சென்ட். லட்சம், கோடி அவர்களுக்குத் தெரியாது; 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி வைத்தாலும் தட்டச்சுப் பிழையோ என்று யோசிப்பார்கள். 100,000 என்றே எழுதுங்கள்.

நேரத்துக்கும் இது பொருந்தும். "ஹாஃப் டென்" என்று பிரிட்டன்காரர் சொன்னால் பத்தரை. ஜெர்மன்காரரும் டேனிஷ்காரரும் தங்கள் மொழியில் "பாதி பத்து" என்று சொல்வது ஒன்பதரை மணியை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவார்கள். 9:30 என்று எண்ணில் எழுதி, எந்த ஊர் நேரம் என்றும் சேருங்கள். ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் 4:30 மணி நேரமும் கோடையில் 3:30 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அவர்கள் கடிகாரத்தை மாற்றுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். அமெரிக்கா மாற்றுவது மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மார்ச்சில் நடுவே இருக்கிற இரண்டு மூன்று வாரங்களில் பழைய கணக்கை நம்பி மீட்டிங் குறித்தால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார்.

நமக்கு மட்டும் புரியும் ஆங்கிலம்

"கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" எழுதாத இந்திய அலுவலகம் இல்லை. வெளிநாட்டில் இன்று அது வழக்கில் இல்லாத பழைய தொடர். அதைவிடப் பெரிய சிக்கல், நீட்ஃபுல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. "ப்ளீஸ் அப்ரூவ் த பிபி சாம்பிள் பை 15 ஜூன்" என்று செய்ய வேண்டியதை எழுதுங்கள் (பிபி சாம்பிள் என்பது உற்பத்தி தொடங்கும் முன் காட்டும் மாதிரி). "வில் ரிவர்ட்" என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பலருக்கும் பொருள். "வில் ரிப்ளை பை டுமாரோ, 11 ஜூன்" போதும். "ப்ரீபோன்" நம் நாட்டுச் சொல், "மூவ் எர்லியர்" என்று எழுதலாம். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் சந்தேகம் கேட்பதாக இராது, நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்பது போல ஒலிக்கும். "கொஸ்டின்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பையர்களின் ஆங்கிலத்திலும் மறை பொருள் உண்டு. பிரிட்டிஷ் பையர் ஒரு சாம்பிளை "க்வைட் குட்" என்றால் பெரும்பாலும் சுமார் என்றுதான் அர்த்தம். "ஐ யாம் எ லிட்டில் கன்சர்ன்ட்" என்றால் அது லிட்டில் இல்லை. உடனே எழுந்து மேனேஜரிடம் போங்கள். மாறாக ஜெர்மன், டச்சுப் பையர்கள் "திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்" என்று நேரடியாக எழுதுவார்கள். அதில் கோபம் இருக்க வேண்டும் என்றில்லை. சாம்பிளைப் பற்றிச் சொல்கிறார், உங்களைப் பற்றியல்ல. அதைப் படித்து மனம் உடைந்து வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நல்ல மெர்சண்டைசர் அவர். யாராவது முன்கூட்டியே இதைச் சொல்லியிருக்கலாம்.

தாமதத்தைச் சொல்லும் மெயில்

இதை எழுதத் தெரிந்தவர்தான் மெர்சண்டைசர். மற்ற எல்லா மெயிலையும் பழைய மெயிலைப் பார்த்து எழுதிவிடலாம்.

சாயப்பட்டறையில் ஒரு லாட் ஷேடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் மனசு என்ன சொல்லும்? "ரெண்டு நாள் பாப்போம், ரீ-டையிங்ல சரியாயிடும், அப்புறம் சொல்லிக்கலாம்." இந்த இரண்டு நாள்தான் கெடுக்கிறது. பையரிடம் இரண்டு நாள் முன்பு பல வழிகள் இருந்திருக்கும்: விளம்பரத்தைத் தள்ளலாம், வேறு கலரை முன்னால் வைக்கலாம். தாமதமாகச் சொன்னால் அவருக்கு மிஞ்சுவது ஏர் ஷிப்மெண்ட் ஒன்றுதான். தவறு நம்முடையது என்றால் விமானக் கட்டணத்தையும் பெரும்பாலும் நம்மிடம்தான் கேட்பார்கள். ஒரு ஆர்டரின் லாபம் முழுவதையும் அது தின்றுவிடும்.

எனவே தெரிந்த அன்றே எழுதுங்கள். "டியூ டு சம் அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ்" என்று எழுதாதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் அது தரும். கரண்ட் இல்லை, ஆள் வரவில்லை, மழை என்று காரணங்களை அடுக்கவும் வேண்டாம். ஒரு காரணம், உண்மையான காரணம். என்ன ஆயிற்று, எத்தனை பீஸ் பாதிப்பு, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், புதிய தேதி என்ன, பையர் எதை முடிவு செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதினால் போதும். ஒரு மாதிரி:

"ஸ்டைல் 207 நேவி: ஒன் டையிங் லாட் ஃபெயில்ட் ஷேடு டுடே. 3,000 ஆஃப் 12,000 பீசஸ் ஆர் அஃபெக்டட். ரீ-டையிங் ஸ்டார்ட்டட் திஸ் ஆஃப்டர்நூன். ஆப்ஷன் ஏ: 9,000 ஆன் த ஒரிஜினல் வெசல், 3,000 ஒன் வீக் லேட்டர். ஆப்ஷன் பி: ஆல் 12,000 ஒன் வீக் லேட்டர். ப்ளீஸ் கன்ஃபர்ம் ஏ ஆர் பி பை தர்ஸ்டே, 11 ஜூன். வீ ஆர் சாரி ஃபார் திஸ்."

சாரி ஒரு முறை போதும். மூன்று முறை வந்தால், தேதி தெரியாததால் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கிறார்கள் என்று தோன்றும். ஆப்ஷன் ஏ எழுதும் முன் எல்சியில் (பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) பார்ஷியல் ஷிப்மெண்ட், அதாவது சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்புவது, தடை செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதிய தேதியை ஃப்ளோரில் கேட்காமல் எழுதாதீர்கள். கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங் மூன்று இடத்திலும் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு முறை தேதி தள்ளினால் பையர் பொறுத்துக்கொள்வார். தள்ளிய தேதியும் தள்ளினால் அடுத்த சீசன் ஆர்டர் வராது.

தீபாவளி, பொங்கலும் இதில் சேரும். ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வந்து லைன் பழையபடி ஓட ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம் என்பது நமக்குத் தெரியும், பையருக்குத் தெரியாது. ஆர்டர் கன்ஃபர்ம் ஆகும்போதே தேதிகளைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பக்கம் ஆகஸ்ட் விடுமுறையும் கிறிஸ்துமஸ் வாரமும் அப்படித்தான். அந்த நாட்களில் அப்ரூவல் வரும் என்று திட்டம் போட வேண்டாம்.

சட்டம் போலப் படிக்கப்படும் சொற்கள்

எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரை மட்டும் நம் செலவு), சிஐஎஃப் என்பவை பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகளில் வருபவை. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. விலை எழுதும்போது இடத்தையும் சேர்த்து "எஃப்ஓபி தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020" என்று எழுதுங்கள். சிஐஎஃப் என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் நம் செலவு. ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே சேதத்துக்கான பொறுப்பு பையருக்குப் போய்விடும். இதைப் பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

எல்சி ஆர்டரில் அதே சபையின் யுசிபி 600 விதிகள் பெரும்பாலும் பொருந்தும். 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பவை. அதில் சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கே அளவு குறித்திருக்கிறார்கள். அளவுக்கோ தொகைக்கோ முன்னால் "அபௌட்" இருந்தால் பத்து சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம். "ஆன் ஆர் அபௌட்" என்று ஒரு தேதி இருந்தால் அதற்கு ஐந்து நாள் முன்பிருந்து ஐந்து நாள் பின்பு வரை. "மிடில்" ஆஃப் எ மன்த் என்றால் 11 முதல் 20 வரை. "ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்", "இம்மீடியட்லி" போன்றவற்றை வங்கி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. நாம் ஒவ்வொரு மெயிலிலும் எழுதித் தள்ளும் ஆஸ் சூன் ஆஸ் பாசிபிளுக்கு அங்கே மதிப்பே இல்லை. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களை மட்டும் பார்க்கிறது. அதனால் சரக்கின் விவரத்தை எல்சியில் உள்ள சொற்களிலிருந்து காப்பி செய்யுங்கள், நீங்களாகத் திருத்தி அழகாக்க வேண்டாம்.

போனும் வீடியோ காலும்

மெயிலைவிடப் பலருக்குப் பயம் இதில்தான். காலுக்கு முன் பேச வேண்டியதை மூன்று நான்கு வரியாக மெயிலில் அனுப்பிவிட்டால் பாதி உரையாடல் முன்கூட்டியே தயாராகிவிடும். புரியவில்லை என்றால் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டாதீர்கள். நமக்கு அது "கேட்டுக்கொண்டிருக்கிறேன்", பையருக்கு அது "ஒப்புக்கொண்டேன்". "குட் யூ சே த நம்பர் அகைன், ப்ளீஸ்?" என்று கேட்பதில் குறைச்சல் எதுவும் இல்லை. அல்லது நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: "ஸோ, 4,000 பீசஸ், 20 ஜூலை, கரெக்ட்?"

கால் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பேசி முடிவானதை மெயிலாக அனுப்பிவிடுங்கள். அதை அப்படியே ஃபார்வர்டு செய்யும்போது கீழே தொங்கும் பழைய மெயில்களை ஒரு முறை பாருங்கள். உள்ளே பேசிக்கொண்ட காஸ்டிங் கணக்கு அதில் ஒட்டிக்கொண்டு பையரிடம் போய்விட்ட சம்பவங்கள் இந்த ஊரில் உண்டு.

முதல் வாரப் பயிற்சி

சீனியரிடம் கேட்டு, ஷிப்மெண்ட் முடிந்து பணமும் வந்துவிட்ட ஒரு பழைய ஆர்டரின் மெயில்களை வாங்குங்கள். கீழிருந்து மேலாக, முதல் விசாரணையிலிருந்து கடைசி பேமெண்ட் வரை படியுங்கள். பையர் எழுதிய வரிகளில் உங்களுக்குத் தேவைப்படும் என்று தோன்றும் முப்பது வரிகளை ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பையர் எந்த இடங்களில் திரும்பக் கேள்வி கேட்டிருக்கிறார் என்று சிவப்பு மையில் குறியுங்கள். ஒவ்வொரு சிவப்புக் குறிக்கும் முன்னதாக நம் ஆள் எழுதிய மெயிலை எடுத்து, அந்தக் கேள்வி வராதபடி அதைத் திருத்தி எழுதிப் பாருங்கள். எழுதியதைச் சீனியரிடம் காட்டுங்கள். அந்த மெயிலை அன்று எழுதியவர் அவராகவே இருந்தாலும் காட்டுங்கள்.